உப்பை ஒதுக்கி எண்ணெய் சேர்க்கும் செடிகள்

மண்ணில் ஈரம் இருந்தும் செடி தாகத்தால் வாடுவதை உவர் நிலத்தில் காணலாம். நறுக்கிய வெள்ளரித் துண்டுகளின் மேல் உப்பைத் தூவினால் சற்று நேரத்தில் தட்டில் நீர் தேங்கிவிடுகிறது அல்லவா, அதே விசைதான் அங்கும் வேலை செய்கிறது. வேருக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே உப்பு மிகுந்தால், வேரால் நீரை உறிஞ்ச முடிவதில்லை. கடல்நீரிலிருந்து ஒரு செடி நீரை எடுக்க வேண்டுமானால், ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தத்துக்கு ஈடான இழுவிசையை அது வெல்ல வேண்டும். நெல்லாலும் நிலக்கடலையாலும் அது ஆகாது, உமரியால் ஆகிறது.

கடலோரச் சேற்று வெளிகளில் வளரும் உமரியில் இலை என்று சொல்லத்தக்க எதுவும் கண்ணுக்குத் தெரியாது. சின்னச் சின்னக் கணுக்களைக் கோத்ததுபோல் சதைப்பற்றான பச்சைத் தண்டுகள் மட்டுமே இருக்கும். ஒன்றைக் கிள்ளி நசுக்கினால் உப்புக் கரிக்கும் சாறு விரலில் ஒட்டும். அந்தச் சாற்றில்தான் அதன் சூட்சுமம் இருக்கிறது. உமரி உப்பை முழுவதுமாக வெளியே நிறுத்துவதில்லை. உள்ளே விட்டு, ஒவ்வொரு செல்லின் நடுவிலும் உள்ள பெரிய நுண்குமிழுக்குள் அடைத்துப் பூட்டிவிடுகிறது. இதற்கென்றே அந்தக் குமிழின் சவ்வில் புரதங்கள் உள்ளன. அவை புரோட்டான் ஒன்றை வெளியே விட்டு, அதற்கு மாற்றாக உப்பிலுள்ள சோடியம் அயனி ஒன்றை உள்ளே தள்ளுகின்றன. குமிழுக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்தில் நொதிகள் இயங்குவதால், அங்கே சோடியம் மிகுந்தால் செல்லின் வேலை நின்றுவிடும். ஆகவே அந்தப் பகுதியின் செறிவைச் சமன் செய்வதற்கு, கிளைசின் பீட்டைன் போன்ற தீங்கற்ற பொருள்களைச் செடி தானே தயாரித்து நிரப்பிக்கொள்கிறது. உப்பே இல்லாத நீரைவிட ஓரளவு உப்புள்ள நீரில் உமரி செழித்து வளர்வதற்கும் இந்த ஏற்பாடே காரணம்.

எனக்கு மிகுந்த வியப்பைத் தருவது இதன் விதைதான். உலர்ந்த தண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை உப்பும் தாதுக்களுமாக இருக்கும்போது, அதே செடியின் விதைக்குள் மிகக் குறைந்த உப்பே சேருகிறது. மெக்சிகோவின் சொனோரா பாலைவனக் கரையில் வெறும் கடல்நீரைப் பாய்ச்சி வளர்த்த உமரி வகையைப் பற்றி 1991-இல் வெளியான ஆய்வு, ஹெக்டேருக்குச் சுமார் 2 டன் விதை கிடைத்ததாகவும், விதையில் 26 முதல் 33 விழுக்காடு எண்ணெய் இருந்ததாகவும் காட்டியது. அந்த எண்ணெயில் 70 விழுக்காட்டுக்கு மேல் லினோலெயிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம் என்பதால், அது சமையலுக்கும் ஏற்றது. 2019 ஜனவரியில் அபுதாபியிலிருந்து ஆம்ஸ்டர்டாம் சென்ற பயணிகள் விமானம் ஒன்றின் எரிபொருளில், உமரி எண்ணெயிலிருந்து தயாரித்ததும் ஒரு பங்காகக் கலந்திருந்தது.

ஆனால் கடல்நீர்ப் பாசனம் என்பது வாய்க்காலைத் திறந்துவிடும் வேலை அன்று. பாய்ச்சிய நீர் ஆவியாகும். உப்போ மண்ணிலேயே தங்கும். தேவைக்கு மேல் நீர் விட்டு, அந்த உப்பை வேருக்குக் கீழே கழுவி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மணற்பாங்கான மண்ணில் இது நடக்கும், களிமண்ணில் நடக்காது. கழுவிய நீர் எங்கே போய்ச் சேரும் என்பதும் முக்கியம்: அடியில் நன்னீர் ஊற்று இருக்கும் இடத்தில் இதைச் செய்வது, இருக்கிற நல்ல நீரையும் கெடுப்பதாகும்.

களர் நிலத்தின் சிக்கல் வேறு. அங்கே சோடியம் களிமண் துகள்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றைப் பிரித்துவிடுவதால், மண்ணின் நுண்துளைகள் அடைபட்டு நீரும் காற்றும் இறங்குவதில்லை. காரத்தன்மையைக் காட்டும் pH அளவும் 8.5-க்கு மேல் போய்விடுகிறது. ஜிப்சம் இட்டால், அதிலுள்ள கால்சியம் சோடியத்தை விலக்கிவிட்டு அதன் இடத்தைப் பிடிக்கும். மரம் நடுவதற்குப் பரப்பு முழுவதும் இடவேண்டியதில்லை. கர்னாலில் உள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த முறையில், துளைக்கருவியால் ஒரு மீட்டருக்கும் கூடுதலான ஆழத்துக்குக் குழி இறக்கி, அடியில் உள்ள சுண்ணாம்புக் கெட்டிப்படலத்தை உடைத்து, ஜிப்சமும் தொழுவுரமும் கலந்த மண்ணால் நிரப்பிக் கன்று நடுகிறார்கள். இத்தகைய குழிக்குப் புங்கு நன்கு பொருந்தும்: அதன் விதையில் 30 முதல் 40 விழுக்காடு எண்ணெய் உண்டு, வேர்முடிச்சுகளால் காற்றின் நைட்ரஜனையும் மண்ணில் சேர்க்கும். கடும் உவர்ப்பையும் வறட்சியையும் ஒருசேரத் தாங்க வேண்டிய இடங்களுக்கு உகாய் என்னும் சிறுமரம் இருக்கிறது. லாரிக், மிரிஸ்டிக் அமிலங்கள் மிகுந்த அதன் விதைக்கொழுப்பு சோப்புக்கு உதவும்.

இங்கே காட்டாமணக்கின் கதையை நினைத்துப் பார்க்க வேண்டும். தரிசில் தானாக வளர்ந்து டீசல் தரும் என்று நம்பி, 2000-களில் பல நாடுகளில் அதைப் பரவலாக நட்டார்கள். செடிகள் பல இடங்களில் பிழைத்தன. எதிர்பார்த்த காய்ப்புதான் இல்லை. உயிர் பிழைப்பது வேறு, விளைச்சல் தருவது வேறு. உப்பைக் குமிழுக்குள் தள்ளவும் காப்புப் பொருள்களை உருவாக்கவும் செடி செலவிடும் ஆற்றல், விதைக்குப் போகவேண்டிய ஆற்றலிலிருந்தே கழிகிறது. அதனால் நடுவதற்கு முன், உப்பின் அளவைக் காட்டும் மண்ணின் மின்கடத்துதிறனையும் காரத்தன்மையையும் நிலத்தடி நீர்மட்டத்தையும் அளப்பது கட்டாயம். அந்தத் தரிசில் இப்போது மேய்கிற கால்நடைகளுக்கும் அங்கே வந்து இறங்குகிற பறவைகளுக்கும் வேறு இடம் உண்டா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.