‘பாடி இமேஜ்’: தமிழில் என்ன சொல்வது?

ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தபோது இந்த வரி கண்ணில் பட்டது: ‘பதினான்கு வயதான அந்தச் சிறுமிக்கு மோசமான உடல் தோற்றம் இருந்தது.’ மூலத்தில் இருந்தது ‘புவர் பாடி இமேஜ்’. அந்தப் பெண் பார்க்க எப்படி இருந்தாள் என்று மூலத்தில் ஒரு வார்த்தை கிடையாது. தன் உடம்பை அவள் எப்படி நினைத்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் அங்கே பேச்சு. மனநல ஆலோசகர் எழுதிய குறிப்பு, தமிழுக்கு வந்ததும் பெண் பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனது மாதிரி ஆகிவிட்டது.

மொழிபெயர்த்தவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. தோற்றம், சாயல், வடிவு, வனப்பு, எழில் என்று உடம்பைப் பற்றிய சொற்கள் நம்மிடம் குவிந்து கிடக்கின்றன. அநேகமாக எல்லாமே பார்க்கிறவர் பக்கத்துச் சொற்கள். உடம்புக்குள் இருப்பவர் பக்கத்துச் சொல்தான் கைக்குச் சட்டென்று அகப்படுவதில்லை.

‘இமேஜ்’ லத்தீனின் ‘இமாகோ’விலிருந்து வந்தது. உருவம், சாயல் என்று பொருள். ரோமாபுரிப் பிரபுக்கள் இறந்துபோன முன்னோரின் முகத்தை மெழுகில் வார்த்து வீட்டில் வைத்திருந்தார்களே, அதற்கும் இமாகோ என்றே பெயர். அந்தச் சொல் உடம்போடு சேர்ந்து ‘பாடி இமேஜ்’ ஆனது மிகப் பிற்பாடு, அதுவும் நரம்பியல் வழியாக. 1911இல் ஹென்றி ஹெட், கார்டன் ஹோம்ஸ் என்ற இரண்டு லண்டன் மருத்துவர்கள், நம் கை கால் எங்கே இருக்கிறது என்று மூளை ஓயாமல் ஒரு கணக்கு வைத்திருக்கிறது என்றார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஸ்கீமா’. தொப்பியில் இறகு செருகிய சீமாட்டிக்கு அந்தக் கணக்கு இறகின் நுனிவரை நீளும் என்பது அவர்கள் காட்டிய உதாரணம். நமக்கு இறகும் தொப்பியும் எதற்கு? இடுப்பில் குடத்தோடு வருகிறவர் நிலைப்படியில் இடிக்காமல் லேசாக ஒருக்களித்து உள்ளே போவதைப் பார்த்தால் போதும். அந்த நேரத்துக்குக் குடமும் அவர் உடம்புதான்.

இதையே உணர்ச்சியின் பக்கம் திருப்பியவர் வியன்னாவில் பிறந்து நியூயார்க்கில் பணியாற்றிய மனநல மருத்துவர் பால் ஷில்டர். 1935இல் வந்த அவருடைய நூல்தான் ‘பாடி இமேஜ்’ என்ற சொல்லை நிலைநிறுத்தியது. நம் உடலைப் பற்றி நாமே மனத்தில் வரைந்துகொள்ளும் சித்திரம் என்பது அவர் தந்த பொருள். அந்தச் சித்திரத்தில் நம் ஆசைக்கும் அச்சத்துக்கும், ஊரார் பார்வைக்கும் பங்குண்டு என்றார்.

சித்திரமும் உடம்பும் ஒன்றல்ல என்பதைக் கண்ணெதிரே காட்டியவர்களில் ஒருவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன். கையை இழந்த சிலருக்கு இல்லாத கை வலிக்கும், விரல்கள் இறுகி மடங்கிக் கிடப்பதுபோல் இருக்கும். 1990களில் அவர் ஒரு பெட்டியின் நடுவே கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற கையை அதன் முன் வைத்து அசைக்கச் சொன்னார். கண்ணாடியில் தெரியும் கையை மூளை, போன கையாக எடுத்துக்கொண்டது. சிலருக்கு அந்த இறுக்கம் தளர்ந்தது. போன கைக்கே மனத்தில் இடம் இருக்கும்போது, இருக்கிற உடம்பை மனம் இஷ்டத்துக்கு மாற்றி வரைந்துகொள்வதில் வியப்பென்ன?

மனநலம் உள்ளே வருவது இந்த இடத்தில்தான். எலும்பும் தோலுமாக இருக்கும் பெண் தன்னைக் குண்டு என்று நம்பிப் பட்டினி கிடக்கும் நோயை (இதைப் ‘பசியின்மை’ என்று எழுதுகிறார்கள். பசி இல்லாமல் இல்லை, பசியோடு மல்லுக்கட்டுகிறார்கள்) ஆராய்ந்த ஹில்டே புரூக், பிரச்சினையின் மையம் சோற்றில் இல்லை, சிதைந்துபோன இந்தச் சித்திரத்தில் இருக்கிறது என்று 1962இல் எழுதினார். அதற்கும் முன்பே, 1891இல், இத்தாலிய மருத்துவர் என்ரிகோ மொர்செல்லி, பிறர் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறையைத் தன் உடலில் கண்டு நாளெல்லாம் மருகுகிறவர்களைப் பற்றி எழுதியிருந்தார். மூக்கு கோணல் என்று மணிக்கணக்கில் கண்ணாடி முன் நிற்பார்கள், அல்லது வீட்டிலுள்ள கண்ணாடியையெல்லாம் மூடிவிடுவார்கள். அறுவை சிகிச்சை செய்து மூக்கை நிமிர்த்தினாலும் நிம்மதி வருவது அபூர்வம். கோணல் மூக்கில் இருந்தால்தானே! பெண்களுக்கு மட்டும் வரும் சங்கடமும் இல்லை இது. புஜம் திரண்டிருந்தும் தன்னை நோஞ்சானாகவே பார்க்கும் ஜிம் பையன்களுக்கும் உண்டு.

சித்திரத்தை எழுதும் கை நம்முடையது மட்டும் அல்ல என்பதற்கு ஃபிஜித் தீவின் நாட்ரோகா பகுதி நல்ல சாட்சி. அங்கே பூசினாற்போன்ற உடம்புக்குத்தான் மதிப்பு. யாராவது இளைத்துவிட்டால் ஊரே கவலைப்படும். 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அந்த ஆண்டு பள்ளிப் பெண்களை விசாரித்தபோது, எடை குறைக்க வேண்டுமென்றே வாந்தி எடுப்பதாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. 1998இல் அப்படிச் சொன்னவர்கள் 11.3 சதவீதம்.

சரி, தமிழுக்கு வருவோம். பத்திரிகைகளில் ‘உடல் பிம்பம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு நெருடல். சமஸ்கிருதத்தில் பிம்பம் என்றால் மூலப்பொருள், பிரதிபிம்பம்தான் நிழல். நாம் பிம்பத்தையே நிழலாக்கிவிட்டோம், போகட்டும். ஆனால் பள்ளி இயற்பியலில் சமதளக் கண்ணாடி தருவதை ‘மாய பிம்பம்’ என்று படித்தோமே, அந்த மாய பிம்பம்கூடப் பொருளை அளவு மாறாமல் காட்டும். இந்தப் பிம்பம் காட்டாது. அதனால் என் ஓட்டு ‘உடற்படிமம்’ என்பதற்கு. படிமம் என்றால் சிலை, வார்ப்பு. யாரோ செய்தது என்ற பொருள் அதில் தங்கியிருக்கிறது. பழந்தமிழில் கண்ணாடிக்கே ‘படிமக்கலம்’ என்று பெயர் இருந்தது என்பது கூடுதல் வசதி. ‘உருவக் கேலி’ என்ற சொல் இப்போது நன்றாக ஊன்றிவிட்டது. ஆனால் அது வெளியிலிருந்து வரும் அடி. உடற்படிமம் அந்த அடி பட்ட இடம். தொல்காப்பியர் நகைக்கு, அதாவது சிரிப்புக்கு, சொன்ன நான்கு காரணங்களில் முதலாவது எள்ளல் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

தன் உடலைத் தானே பார்க்கும் குரல் பழைய இலக்கியத்தில் இல்லாமல் இல்லை. குறுந்தொகையில் வெள்ளிவீதியாரின் தலைவி, தன் ‘மாமைக் கவின்’ தனக்கும் உதவாமல் தலைவனுக்கும் இன்பம் தராமல் பசலை தின்னப் போகிறது என்கிறாள். மாந்தளிர் நிறம் அங்கே அழகு, அது வெளிறுவதுதான் துயரம். இன்றைய களிம்பு விளம்பரத்தின் கதை நேர் தலைகீழ். ஆனால் பசலை மனத்தில் தொடங்கி உடம்புக்கு வருவது. உடற்படிமத்தின் நோவு உடம்பைப் பார்ப்பதில் தொடங்கி மனத்துக்குப் போகிறது. இந்தத் திசைக்கு அந்தக் காலத்துச் சொல் எதுவும் எனக்கு அகப்படவில்லை.

கட்டுரைத் தலைப்புக்கு உடற்படிமம் பொருந்தும். ஒரு சிறுமியைப் பற்றிய வாக்கியத்துக்குப் பெயர்ச்சொல்லே வேண்டாம் என்று தோன்றியது. ‘மோசமான உடல் தோற்றம்’ என்பதை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: ‘அந்தச் சிறுமிக்குத் தன் உடம்பைப் பிடிக்கவில்லை.’