சர்க்கரைப் பசையா, பிசைமாவா?

கேக்கின் மேல் நிற்கும் பூக்களையும் பொம்மைகளையும் வனையப் பயன்படும் ‘ஷுகர் பேஸ்ட்’ என்னும் பொருளுக்குச் ‘சர்க்கரைப் பசை’ என்ற பெயர் செய்முறைக் குறிப்புகளிலும் காணொளித் தலைப்புகளிலும் வேரூன்றி வருகிறது. ஒரு முறை, இரு முறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். திரும்பிய இடமெல்லாம் அதுவே கண்ணில் படுவதால் எழுத வேண்டியதாயிற்று.

முதலில் பொருள் இன்னதென்று தெளிவு வேண்டும். நன்றாக அரைத்துச் சலித்த சர்க்கரைத் தூளோடு ஜெலட்டின், குளுக்கோஸ் பாகு, கிளிசரின், சிறிது கொழுப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்தால், தகடாகத் தேய்த்துக் கேக்கின் மேல் போர்த்தக்கூடிய மாவு கிடைக்கிறது. இதுவே ஷுகர் பேஸ்ட். ஃபாண்டன்ட் என்றும் சொல்வார்கள். கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் இது எளிதில் விறைப்பதில்லை. நிற்கும் உருவம் வேண்டுமானால், ஏறத்தாழ 250 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி என்ற அளவில் சி.எம்.சி. (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) என்னும் இறுகச்செய்யும் தூளைச் சேர்த்துப் பிசைவார்கள். அடுத்த பக்கத்தின் நிழல் தெரியும் அளவுக்கு மெல்லிய இதழ்கள் வேண்டுமானால், முட்டை வெண்கருவும் டிராககாந்த் பிசினோ சி.எம்.சி.யோ கலந்த ‘கம் பேஸ்ட்’ என்னும் இன்னொரு மாவு தேவைப்படும்.

சொல்வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பருமணலைக் குறித்த ‘சர்கரா’ என்னும் வடசொல் இங்கே சர்க்கரையாகவும், பாரசீகம், அரபு வழியாக மேற்கே சென்று ஷுகராகவும் ஆயிற்று. ஃபாண்டன்ட் என்பது பிரெஞ்சில் ‘உருகுகிற’ என்று பொருள்படுவது. ஊற்றும் பாகுக்கு இட்ட பெயர் தேய்க்கும் மாவுக்கும் தாவிவிட்டது. ஆகவே ‘உருகுபாகு’ என்று அதை மொழிபெயர்ப்பவர்கள், வாயில் உருகினாலும் மேசையில் உருகக் கூடாத ஒன்றுக்குத் தவறான பெயரைச் சூட்டுகிறார்கள். ‘பேஸ்ட்’ என்பது கிரேக்கத்திலிருந்து இலத்தீனின் ‘பாஸ்டா’ வழியாக வந்தது. அதன் மூத்த பொருள் பிசைந்த மாவுதான். பேஸ்ட்ரியும் பாஸ்தாவும் அதன் உடன்பிறப்புகள். மாவையும் நீரையும் கொண்டு ஒட்டும் வழக்கம் இருந்ததால், ஒட்டுப்பொருள் என்னும் பொருள் அதற்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

பின்னால் வந்த அந்தப் பொருளைத்தான் நம் மொழிபெயர்ப்பாளர்கள் முதலில் எடுத்துக்கொண்டார்கள். அகராதியைத் திறந்து, பேஸ்ட் என்பதற்கு நேரே கண்ட முதற்சொல்லை எழுதிவிட்டு மூடிவிட்டார்கள். தமிழில் பசை என்றால் ஒட்டுவது. ஈரப்பசை, எண்ணெய்ப்பசை என்னும்போது கசிவும் பிசுபிசுப்பும். பேச்சுவழக்கில் ‘பசையுள்ள ஆள்’ என்றால் கையில் காசு புழங்குகிறவர். இவற்றுள் எதுவும், கையில் ஒட்டாமல் பிசைந்து, உருட்டி, விறைக்கவிடும் பொருளுக்குப் பொருந்தவில்லை. ‘சர்க்கரைப் பசையை ஈரப்பசை நீங்கும்வரை உலர்த்தவும்’ என்று எழுதிய ஒருவர், அந்த வரியை ஒரு முறை வாய்விட்டுப் படித்திருந்தால் பேனாவைக் கீழே வைத்திருப்பார்.

இதைவிடப் பெரிய இடையூறு தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. பொம்மையின் கையை உடலோடு சேர்க்கவும், இதழைத் தண்டோடு இணைக்கவும், சி.எம்.சி. தூளை நீரில் கரைத்த குழம்பு ஒன்றைத் தூரிகையால் தொட்டுத் தடவுவார்கள். உண்ணத்தக்க உண்மையான பசை அதுதான். மாவுக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டால், ‘பசையை மெல்லிதாகத் தடவவும்’, ‘பசையை மெல்லிதாகத் தேய்க்கவும்’ என்னும் இரண்டு வரிகளில் எது எதைச் சொல்கிறது என்று புதிதாகக் கற்பவர் எப்படி அறிவார்? பெயர் என்பது பொருளைப் பிரித்துக் காட்டவே. ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டையும் ஒன்றாகக் காட்டும் பெயர், எத்தனை தூய தமிழாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

‘சர்க்கரைக் களி’ என்பாரும் உண்டு. களிமண்ணை நினைவூட்டுவதால் வனைதலுக்கு அது இசைகிறது. ஆனால் அடுக்களையில் களி என்பது கிண்டிய, குழைந்த, நிமிர்ந்து நிற்காத ஒன்று. என் பரிந்துரை ‘சர்க்கரைப் பிசைமாவு’. சுடுசோறு, ஊறுகாய் போல இது வினைத்தொகை. முன்பு பிசைந்ததையும், எடுக்கும்போதெல்லாம் மறுபடி பிசைய வேண்டியதையும் ஒருங்கே சொல்கிறது. தானியம் இல்லாததை மாவு எனலாமா என்று கேட்பவர்கள் மாக்கல்லை எண்ணிப் பார்க்கட்டும். தூளைச் சர்க்கரைத் தூள் என்றே விட்டுவிட்டால் குழப்பமும் இல்லை. கம் பேஸ்டைப் ‘பிசின்மாவு’ என்றால் போதும்.

வினைச்சொற்களிலும் இதே அலட்சியம் தொடர்கிறது. மாவு விறைப்பதைக் குறிக்கும் ‘செட்’ என்பதை ‘அமைய விடவும்’ என்று எழுதுகிறார்கள். அது அமைவதில்லை, இறுகுகிறது. ‘காயவைக்கவும்’ என்பதும் எனக்கு உவப்பில்லை. வெயில் காய்கிறோம், எண்ணெய் காய்கிறது, உடம்பு காய்கிறது. காய்தலுக்குள் சூடு ஒளிந்திருக்கிறது. பிசைமாவு உருவத்துக்கோ சூடு ஆகாது; வெயிலில் வைத்தால் இளஞ்சிவப்பும் ஊதாவும் வெளுத்துவிடும். நுரைத் திண்டின் மேல் வைத்து, அடிப்பக்கமும் காற்றுப் படும்படி அவ்வப்போது திருப்பி, தடிமனான உருவமானால் நாள்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். ‘நிழலில் உலர்த்துதல்’ என்னும் பழஞ்சொல் இதற்கென்றே காத்திருந்தது போலப் பொருந்துகிறது.

எல்லாவற்றிலும் தீங்கானது, முடிந்த உருவங்களைக் ‘குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்னும் வரி. தமிழ் படிக்கும் எவருக்கும் குளிர்ந்த இடம் என்றால் குளிர்பதனப் பெட்டிதான். அதில் வைத்து வெளியே எடுத்ததும் உருவத்தின் மேல் நீர் வியர்த்து, சாயம் கசிந்து, நாள்கணக்கில் இறுகிய இதழ் பிசுபிசுத்துத் தொய்ந்துவிடும். சொல்ல வந்தது ‘வெப்பமும் ஈரமும் அண்டாத இடம்’ என்பதே.