எழுதிக் கொடுத்த பிறகு வராதீர்கள்

என் வக்கீல் அலுவலகத்துக்கு இப்படி ஒருவர் வருவது இந்த மாதத்தில் இது மூன்றாவது. மஞ்சள் பையிலிருந்து பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். இருந்த ஒரே வீட்டை மகன் பெயருக்கு செட்டில்மெண்ட் (உயிரோடிருக்கும்போதே சொத்தைக் கொடுத்துவிடும் பத்திரம்) எழுதி ஆறு வருஷம் ஆகிறது. இப்போது மாடிப்படிக்குக் கீழே கட்டில். “ஏம்மா, நான் எழுதிக் கொடுத்ததுதானே? நானே ரத்து பண்ணிட்டா போச்சு” என்றார்.

போகாது ஐயா.

சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. உயில் வேறு, செட்டில்மெண்ட் வேறு. உயில் நீங்கள் கண் மூடிய பிறகுதான் பேச ஆரம்பிக்கும். அதுவரை பத்து முறை மாற்றி எழுதலாம், கிழித்தும் போடலாம். செட்டில்மெண்ட் அப்படியில்லை. பதிவாகி மகன் ஏற்றுக்கொண்டால் சொத்து அவருடையது. நீங்கள் அதே திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் வீடு உங்களுடையது அல்ல. “எக்காலத்திலும் எக்காரணத்தைக் கொண்டும் ரத்து செய்ய எனக்கு உரிமை இல்லை” என்று பத்திர எழுத்தர் வழக்கமாகப் போடும் வரி தலைமை ஆசிரியரின் கையெழுத்துக்கு மேலேயே இருந்தது. படித்தீர்களா என்றால், “பையன் அவசரப்படுத்தினான்” என்கிறார். ஒருதலையாக ரத்துப் பத்திரம் பதிய முடியாது என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2022-லேயே சொல்லியாகிவிட்டது. ஆகவே ‘பதிவு ஆபீஸில் தெரிந்தவர் இருக்கிறார்’ கதையெல்லாம் வேண்டாம்.

ஆறு வருஷம் ஏன் வரவில்லை? “பாடம் சொல்லிக் கொடுத்தவன் ஏமாந்தேன்னு வெளியே எப்படிச் சொல்றது?”

அவருக்கு லோத்திகா சர்க்காரைப் பற்றிச் சொன்னேன். கேம்பிரிட்ஜில் சட்டம் படித்து, தில்லிப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் சட்டம் நடத்தியவர். பெண்களின் நிலை குறித்து 1974-ல் அறிக்கை தந்த அரசுக் குழுவில் உறுப்பினர். மதுரா என்ற பெண்ணின் வழக்கில், காவல் நிலையத்துக்குள் நடந்த பாலியல் வன்கொடுமைக்குக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு போலீஸ்காரர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தபோது, 1979-ல் தலைமை நீதிபதிக்கே பகிரங்கக் கடிதம் எழுதிய நான்கு சட்ட ஆசிரியர்களில் ஒருவர். 1983-ல் பாலியல் வன்கொடுமைச் சட்டம் திருத்தப்பட்டதற்கு அந்தக் கடிதமும் ஒரு காரணம். (அதைப் படிக்காத ஜூனியர்கள் என் அலுவலகத்தில் திட்டு வாங்குவார்கள்.) அப்பேர்ப்பட்டவரின் தில்லி வீடு, முதுமையில், அவர் நம்பிப் பழகிய ஒரு குடும்பத்தின் பெயருக்குப் போய்விட்டது. நண்பர்களும் வழக்கறிஞர்களும் சேர்ந்து போராடித்தான் வீடு திரும்பியது. அவருக்குத் தெரியாத சட்டமா? முதுமையில் சட்ட அறிவு துணைக்கு வராது, ஆள்தான் வரவேண்டும். அவருக்கு ஆட்கள் இருந்தார்கள், விஷயமும் வெளியே வந்தது.

சரி, எழுதிக் கொடுத்தாயிற்று, சோறு போடவில்லை. ஸ்டேஷனுக்கு ஓடாதீர்கள், “சிவில் மேட்டர்” என்று திருப்பி அனுப்புவார்கள். மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, பிரிவு 23-ன் கீழ், கொடுத்ததை ரத்து செய்யச் சொல்லி வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனு கொடுங்கள். (ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்றதும் லைசென்ஸ் எடுக்கும் இடத்துக்குப் போய் நின்றவர்களும் உண்டு.) கவனித்துக் கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்ததைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொன்னது. ‘அன்பும் பாசமும்’ காரணமாகக் கொடுத்தாலே அந்த நிபந்தனை உள்ளே அடங்கியிருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொன்னது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அலைவது நீங்கள்தான்.

அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், கையெழுத்துக்கு முன்னால் வாருங்கள். உயில் போதுமென்றால் உயிலோடு நில்லுங்கள். செட்டில்மெண்ட்தான் என்றால் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையும், பராமரிக்காவிட்டால் ரத்து என்பதையும் எழுத வையுங்கள். முத்திரைத் தீர்வை குறைவு என்று எவராவது அவசரப்படுத்தினால் பத்திரத்தின் நகலை வீட்டுக்கு எடுத்து வந்து, கண்ணாடி போட்டு, ஒவ்வொரு பக்கமாகப் படியுங்கள். மகன் கோபித்துக் கொள்வான் என்பீர்கள். கோபித்துக் கொள்ளட்டும்.

தலைமை ஆசிரியரின் பத்திரத்தில் ‘அன்பும் பாசமும்’ மட்டும் இருந்தது. மனு தயாராகிறது. ஆதார், பத்திர நகல், வில்லங்கச் சான்று கேட்டிருக்கிறேன். வில்லங்கத்தில் அடமானம் எதுவும் ஏறியிருக்கக் கூடாதே என்பதுதான் இப்போது என் கவலை.