செவிப்புலச் செயலாக்கக் குறைபாடு

ஆங்கிலத்தில் 'ஆடிட்டரி பிராசசிங் டிஸ்ஆர்டர்', சுருக்கமாக ஏபிடி. காது ஒலியைச் சரியாகத்தான் வாங்கும். அதைப் பிரித்து, வரிசைப்படுத்தி, இரைச்சலுக்கு நடுவே பேச்சைத் தனியே எடுக்க மூளை திணறும். 'பத்து' என்று டீச்சர் சொன்னது 'பட்டு' என்று போய்ச் சேரும். மூன்று வேலையைச் சேர்த்துச் சொன்னால் ஒன்றுதான் நிற்கும். வழக்கமான காது பரிசோதனையிலோ எல்லாம் சரி என்றே வரும்.

'ஆடிரே' என்றால் லத்தீனில் கேட்டல். ஆடியோ, ஆடிட்டோரியம் எல்லாம் அந்த வேர்தான். காது நன்றாக இருந்தும் கேட்பதில் சிக்கல் வரும் என்பதை 1954இல் அமெரிக்காவில் ஹெல்மர் மைக்கில்பஸ்ட் என்ற ஆய்வாளர் குழந்தைகளை வைத்து எழுதினார். முன்பு பெயரில், சிக்கல் காதில் இல்லை மூளைப் பக்கம் என்று காட்டும் 'சென்ட்ரல்' என்ற சொல்லும் இருந்தது. 2000இல் நிபுணர்கள் சிலர் அதை விட்டுவிடலாம் என்றார்கள். இன்றும் இரண்டு பெயரும் புழங்குகின்றன. கவனக்குறைவு, வாசிப்புச் சிக்கல் ஆகியவற்றோடு இது கலந்து வருவதால் இதன் எல்லை எது என்ற விவாதமும் ஓயவில்லை.

தமிழில் இதைச் 'செவித்திறன் குறைபாடு' என்று எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். அது காது கேளாமைக்கு அரசும் பள்ளிகளும் புழங்கும் சொல். அதைப் படிக்கும் பெற்றோர் காது மெஷின் வாங்கத்தான் ஓடுவார்கள். 'பிராசசிங்' என்பதற்குச் 'செயலாக்கம்' ஏற்கெனவே கணினித் தமிழில் ஊன்றிய சொல், ஆகவே எழுத்தில் 'செவிப்புலச் செயலாக்கக் குறைபாடு' சரி. வீட்டில் விளக்கும்போது 'கேட்டுணர்தல் குறைபாடு' இன்னும் எளிது. நம் பேச்சில் 'கேள்' என்பது காதால் கேட்பதற்கும் உண்டு, சொன்னபடி நடப்பதற்கும் உண்டு. 'சொன்ன பேச்சு கேக்கறதில்ல' என்று இந்தப் பிள்ளைகள் வாங்கும் அடிக்கு அளவில்லை. 'உணர்தல்' என்று சேர்த்துச் சொன்னால் பழி பிள்ளையின் குணத்தின் மேல் விழாது.

வடசென்னையில் இது இன்னும் கடினம். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள், ஜன்னல் திறந்த வகுப்பு, தலைக்கு மேல் கடகடக்கும் ஃபேன். நல்ல காதுக்கே சிரமமான இடத்தில் இந்தப் பிள்ளை முழுதாகத் தொலைந்துபோகிறது.

முதலில் ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டிக் காதில் கோளாறு இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அப்புறம் கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணரான ஆடியாலஜிஸ்ட்டிடம் தனிச் சோதனைகள்: இரு காதிலும் ஒரே நேரத்தில் வேறுவேறு எண்களைச் சொல்வது, இரைச்சலோடு பேச்சைக் கேட்கவைப்பது. ஏழு வயதுக்கு முன் முடிவுகளை நம்ப முடியாது, கேட்கும் நரம்புப் பாதை அப்போது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும்.

இதற்கு மாத்திரை கிடையாது. காதுப் பயிற்சிகள் சிலருக்கு உதவுகின்றன, ஆனால் அதற்கான சான்று இன்னும் திடமாக இல்லை. வகுப்பில் செய்வதுதான் சட்டென்று பலன் தரும்: டீச்சர் மாட்டும் சிறு மைக், பிள்ளையின் காதில் ரிசீவர். அதற்குப் பணம் இல்லையென்றால் சாலைப் பக்க ஜன்னலை விட்டுத் தள்ளி முன் பெஞ்ச், முகம் பார்த்து ஒரு நேரத்தில் ஒரு வேலை, வீட்டுப்பாடத்தைக் கட்டாயம் கரும்பலகையில் எழுதிப்போடுவது.