இயற்கை விவசாய மானியம்: ஏக்கருக்குக் கைக்கு வருவது எவ்வளவு?

ஊட்டி, கோத்தகிரி பக்கம் கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் இயற்கை விவசாயத்துக்கு மாறினால் எக்டேருக்கு 31,500 ரூபாய் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2015-16ல் மத்திய அரசு தொடங்கிய இயற்கை விவசாயத் திட்டமான பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனாவில் வரும் தொகை அது. தொகை சரிதான், ஆனால் மூன்று வருடத்துக்கும் சேர்த்து. அதிலும் இடுபொருளுக்காக உங்கள் வங்கிக் கணக்கில் விழுவது 15,000 மட்டும். மீதி பயிற்சி, சான்றிதழ், பேக்கிங், விற்பனை என்று போய்விடும். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் வருடம் சுமார் 2,000 ரூபாய், அதுவும் ஒருவருக்கு 2 எக்டேர் வரைதான்.

இந்தப் பணத்தை மட்டும் நம்பி மாறாதீர்கள். ரசாயன உரத்துக்கும் மானியம் உண்டு, நாம் அதைக் கவனிப்பதில்லை, 45 கிலோ யூரியா மூட்டை 266.50 ரூபாய்க்குக் கிடைப்பதே மீதி விலையை அரசு ஏற்பதால்தான். சமவெளியிலிருந்து மலையேறி வரும் தொழுவுரத்துக்கோ லாரி வாடகையும் நம் தலையில். களையெடுப்புக் கூலி கூடும், முதல் சில போகம் மகசூலும் குறையலாம். உரம், மருந்துச் செலவு மிச்சமாவது உண்மை, ஆனால் சொந்த மாடும் வேலைக்கு வீட்டு ஆட்களும் இருப்பவருக்குத்தான் அந்த மிச்சம் கையில் நிற்கும்.

அப்புறம் விலை. மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பினால் மற்ற கேரட்டோடு சேர்ந்து அதே விலைக்குத்தான் போகும். தனி விலை வேண்டுமென்றால் சான்றிதழ் வேண்டும், அதைப் பார்த்து வாங்கும் ஆளும் வேண்டும். குழுவில் உள்ள விவசாயிகளே ஒருவர் தோட்டத்தை ஒருவர் சோதிக்கும் பிஜிஎஸ் சான்றிதழுக்குச் செலவு குறைவு, உள்நாட்டு விற்பனைக்கு அது போதும். ஏற்றுமதிக்கு மத்திய அரசின் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டமான என்பிஓபி சான்றிதழ் வேண்டும், தமிழக அரசின் அங்கக (இயற்கை விவசாய) சான்றளிப்புத் துறை அதைத் தருகிறது. இயற்கை முறைக்கு மாறும் காலம் காய்கறி என்றால் 2 வருடம், தேயிலை மாதிரி பல்லாண்டுப் பயிருக்கு 3 வருடம். அதுவரை முழு இயற்கை முத்திரை கிடையாது, கை கடிக்கும் காலம் இதுதான்.

மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. தோட்டங்கள் படிப்படியாக இருப்பதால் மேல்படித் தோட்டத்தில் அடிக்கும் மருந்தும் போடும் உரமும் மழையில் உங்கள் படிக்குத்தான் இறங்கும், சான்றிதழுக்கு அது பிரச்சினை. திட்டமே 20 எக்டேர் குழுவாகத்தான் நடக்கிறது என்பதால் மேல்தோட்டக்காரரையும் பேசிச் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் மானியத்தை விட இதுதான் பெரிய லாபம்.

சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகத்தோடு உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போங்கள். உங்கள் ஊரில் குழு இருக்கிறதா, எந்தச் சான்றிதழ், விளைச்சலை வாங்கப்போவது யார் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.