பழைய தோட்டத்து விலாசமும் பெக்கா பி40 ரத்தப் பரிசோதனையும்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்து எஸ்.டி.ஆர். (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை) பாரம் பூர்த்தி செய்து கொடுப்போம். போன மாதம் ஒரு அக்கா வந்தார், 54 வயது, இருபது வருடத்துக்கு மேல் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். ஐ.சி.யை (அடையாள அட்டையை) நீட்டினார். அதில் இருந்த விலாசம் ஒரு தோட்டத்து லயத்து வீடு. அந்த லயத்தை இடித்துப் பல வருடம் ஆகிவிட்டது, இப்போது அங்கே செம்பனைதான் நிற்கிறது. "தம்பி, எல்லாருக்கும் சும்மாவே ரத்தம் சோதிச்சுப் பார்க்கிறாங்களாம், எனக்கு மட்டும் ஒரு தகவலும் வரலையே" என்றார். அவர் சொன்னது பெக்கா பி40 என்ற இலவசப் பரிசோதனைத் திட்டம். அதன் இணையத்தளத்தில் ஐ.சி. எண்ணைத் தட்டிப் பார்த்தோம். தகுதி இருக்கிறது! ஆனால் எஸ்.டி.ஆர். பதிவில் இருந்த கைப்பேசி எண் அவருடைய மருமகனின் பழைய எண், அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனதோடு அது நின்றுபோன எண்.

அந்த அக்கா மாதிரி இன்னும் எத்தனையோ பேர் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் திட்டம். பெக்கா பி40 என்பது குறைந்த வருமானக் குடும்பங்களுக்காகச் சுகாதார அமைச்சு 2019-இல் தொடங்கியது, நடத்துவது அமைச்சின் கீழ் இயங்கும் புரோடெக்ட்ஹெல்த் நிறுவனம். எஸ்.டி.ஆர். உதவித்தொகை வாங்குபவர், அவருடைய கணவர் அல்லது மனைவி, வயது 40 அல்லது அதற்கு மேல் என்றால் போதும். ஆரம்பத்தில் 50 வயது என்று வைத்திருந்தார்கள், அப்புறம் 40-க்கு இறக்கினார்கள். இதற்கென்று தனியாக விண்ணப்பிக்க வேண்டாம், எஸ்.டி.ஆர். பட்டியலில் பெயர் இருந்தால் இதிலும் இருக்கிறீர்கள். வரி வாரியத்திடம் இருக்கும் எஸ்.டி.ஆர். பட்டியலைச் சுகாதாரத் தரப்பு பயன்படுத்திக்கொள்கிறது, அவ்வளவுதான். தகவல் பகிர்வு என்று பெரிய பெரிய கூட்டங்களில் பேசுகிறார்களே, அது நம் வீட்டு வாசலுக்கு வரும்போது இப்படித்தான் இருக்கும்: ஒரு இடத்தில் கொடுத்த விவரத்தை வைத்து இன்னொரு இடத்தில் நம்மைக் கண்டுபிடிக்கிறார்கள். கொடுத்த விவரம் தப்பாக இருந்தால் கண்டுபிடிக்க முடியாது.

என்ன கிடைக்கும்? உடல்நலப் பரிசோதனை இலவசம். திட்டத்தில் சேர்ந்திருக்கும் தனியார் கிளினிக்கிலோ அரசாங்க கிளினிக்கிலோ செய்துகொள்ளலாம். இதய ஸ்டென்ட், பேஸ்மேக்கர், கண் லென்ஸ் மாதிரி மருத்துவக் கருவி தேவைப்பட்டால் ஆயுளுக்கும் சேர்த்து 20,000 ரிங்கிட் வரை உதவி உண்டு, அதற்கு அரசாங்க மருத்துவமனைதான் விண்ணப்பிக்கும். புற்றுநோய்ச் சிகிச்சையை முழுதாக முடிப்பவர்களுக்கு 1,000 ரிங்கிட், ஒரு பகுதி தொடங்கும்போது, மீதி முடித்த பிறகு. இந்த இரண்டு உதவிகளில் இருப்பவர்களுக்குப் போக்குவரத்துச் செலவாகத் தீபகற்பத்தில் 500 ரிங்கிட் வரை, சபா, சரவாக், லாபுவானில் 1,000 வரை. இங்கிருந்து ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு மாதம் நாலு தடவை கார் பிடித்துப் போனவர்களுக்கு இந்தத் தொகையின் அருமை தெரியும்.

நான் அதிகம் பேச விரும்புவது பரிசோதனையைப் பற்றித்தான், ஏனென்றால் அங்கேதான் நம் ஆட்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள்.

பரிசோதனை இரண்டு தடவை. முதல் தடவை போனால் குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்பார்கள், எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், மனநிலை பற்றிச் சில கேள்விகள் கேட்பார்கள், ரத்தமும் சிறுநீரும் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். இரண்டாவது தடவை போனால்தான் முடிவைச் சொல்வார்கள். நம்மவர்கள் முதல் தடவை ரத்தம் கொடுத்துவிட்டு, "ஏதாவது இருந்தா கூப்பிடுவாங்க" என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். கிளினிக்கில் கூப்பிடத்தான் செய்கிறார்கள், ஆனால் எந்த எண்ணுக்கு? மேலே சொன்ன சிங்கப்பூர் மருமகன் கதைதான் இங்கேயும்.

ரத்தத்தில் முக்கியமாக எச்.பி.ஏ1சி என்று ஒரு எண் வரும். அன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்பது அதில் தெரியாது, கடந்த இரண்டு மூன்று மாதமாக ரத்தத்தில் சீனி எப்படி இருந்தது என்பது தெரியும். மலேசிய மருத்துவ வழிகாட்டியின்படி அது 6.3 விழுக்காடு அல்லது அதற்கு மேல் போனால் இனிப்பு நீர் (நீரிழிவு) என்று கணக்கு, 5.7 முதல் 6.2 வரை என்றால் வாசலில் நிற்கிறீர்கள். இந்த எண்ணை மனப்பாடம் செய்யுங்கள், உங்கள் ஐ.சி. எண் மாதிரி.

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நாட்டில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது, இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. பத்துப் பேர் உட்கார்ந்து டீ குடித்தால் மூன்று பேர்! இப்படித் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காமல் நாட்டுக்கே ஒரு சராசரி மட்டும் சொல்லியிருந்தால் நம் நிலைமை அந்தச் சராசரிக்குள் மறைந்து போயிருக்கும். எந்த வட்டாரத்தில் கால் புண் மருத்துவம் வேண்டும், எங்கே சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு இன்னும் இடம் வேண்டும் என்று திட்டம் போட இந்த மாதிரிக் கணக்குதான் கைகொடுக்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அரசாங்க கிளினிக்குகளில் இனிப்பு நீருக்கு வருபவர்களை 2009 முதல் ஒரு தேசியப் பதிவேட்டில் சேர்த்து வருகிறார்கள். 2020 வரை அதில் சேர்ந்தவர்கள் சுமார் 17 லட்சம் பேர், அதில் அப்போது தொடர்ந்து வந்துகொண்டிருந்தவர்கள் சுமார் 9 லட்சம் பேர்தான். மீதிப் பேரில் சிலர் இறந்திருப்பார்கள், சிலர் வேறு இடத்துக்கு மாறியிருப்பார்கள், சிலர் "நல்லாத்தானே இருக்கேன்" என்று மருந்தை நிறுத்தியிருப்பார்கள். நின்றுபோனவர் யார் என்று ஒரு கிளினிக் தன் பட்டியலிலிருந்து எடுத்து, வீட்டுக்கு ஆள் அனுப்பினால் ஒரு கால் தப்பிக்கும். வீடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஆள் அனுப்ப முடியும்.

இதே விஷயத்தை டிங்கிக் காய்ச்சலில் இன்னும் நன்றாகப் பார்க்கலாம். 1988-ஆம் ஆண்டு தொற்றுநோய்ச் சட்டப்படி டிங்கி என்று சந்தேகம் வந்தாலே கிளினிக் 24 மணி நேரத்துக்குள் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும், தனியாராக இருந்தாலும் சரி. அந்தத் தகவலோடு உங்கள் விலாசமும் போகிறது. ஆட்கள் வந்து கொசுப்புழு தேடுவது, புகை அடிப்பது எல்லாம் அந்த விலாசத்தை வைத்துத்தான். ஒரே இடத்தில் 30 நாளுக்கு மேல் நோய் நிற்காவிட்டால் அந்த இடத்தை 'ஹாட்ஸ்பாட்' என்று குறிக்கிறார்கள். சரி, நீங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருக்கிறீர்கள், ஐ.சி.யில் பழைய தோட்டம் இருக்கிறது, கவுண்டரில் ஐ.சி.யைக் கொடுத்தீர்கள், அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். புகை வண்டி எங்கே போகும்? உங்கள் பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடிக்கிற கொசு அப்படியே இருக்கும். வீடு மாறினால் 30 நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் விலாசத்தை மாற்ற வேண்டும் என்பது ஏற்கனவே இருக்கிற விதி, நாம்தான் கண்டுகொள்வதில்லை. மாற்றும் வரைக்குமாவது கவுண்டரில் "இப்ப இருக்கிறது இங்கே" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம், ஒரு இடத்தில் சோதித்தது எல்லா இடத்துக்கும் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பிவிடாதீர்கள். நாட்டில் எல்லாருக்கும் பிறப்பு முதல் கடைசி வரை ஒரே மின்னியல் மருத்துவப் பதிவு வேண்டும் என்பது 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கையில் இருக்கிறது, ஆனால் நடைமுறையில் இன்னும் காகித அட்டையோடு ஓடுகிற கிளினிக்குகள் உண்டு. என் அப்பாவுக்கு ஒரு தனியார் கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள், சிறுநீரகம் லேசாகப் பழுதாகத் தொடங்கியிருந்தது அதில் தெரிந்தது. முடிவின் நகலை அவர்களும் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அரசாங்க கிளினிக்கில் போய் நின்றால் அவர்களிடம் ஒன்றுமே இல்லை, முதலிலிருந்து எல்லாம் எடுத்தார்கள், அதற்குள் மூன்று மாதம் போய்விட்டது. அந்த மூன்று மாதமும் அவர் மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தார், சிறுநீரகத்துக்கு ஆகாத மாத்திரை அது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அதனால் முடிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள், கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். அரசாங்க கிளினிக்கில் கொடுக்கிற இனிப்பு நீர்ப் பச்சைப் புத்தகத்தை எங்கே போனாலும் கொண்டு போங்கள்.

"விவரம் வெளியே போனா முதலாளி வேலையை விட்டுத் தூக்கிடுவானா? இன்சூரன்ஸ்காரனுக்குத் தெரிஞ்சிடுமா?" என்று நிறைய பேர் கேட்கிறார்கள், அந்தப் பயம் நியாயமானது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நல விவரம் என்பது தனிப் பாதுகாப்புக்கு உரிய ரகத்தில் வருகிறது. தனியார் கிளினிக் உங்களுடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் அதைத் தூக்கித் தோட்ட அலுவலகத்திடம் கொடுக்க முடியாது. உங்கள் விவரத்தின் நகலை எழுத்தில் கேட்டால் 21 நாளுக்குள் பதில் தர வேண்டும், சிறு கட்டணம் வாங்கலாம். 2025 ஜூன் முதல், விவரம் கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் சொல்லியாக வேண்டும் என்றும் வந்திருக்கிறது.

ஆனால் இந்தச் சட்டம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. கூட்டரசு இலாகாக்கள் தங்களுக்குள் விவரம் கொடுத்து வாங்குவதற்கு 2025-இல் தரவுப் பகிர்வுச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதன்படி ஓர் இலாகா இன்னோர் இலாகாவிடம் காரணத்தைச் சொல்லித்தான் கேட்க வேண்டும், தனியார் நிறுவனம் இந்தச் சட்டத்தைக் காட்டி உங்கள் விவரத்தைக் கேட்க முடியாது. இது நல்ல தொடக்கம்தான். இருந்தாலும் அரசாங்கமும் தனியார் மாதிரியே மக்களுக்குப் பதில் சொல்லும் கடமைக்குள் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இனிப்பு நீர் இருக்கிறது என்பது ஒரு மனிதனின் சொந்த விஷயம், யார் கையில் இருந்தாலும் அது சொந்த விஷயம்தான்.

இந்தப் பட்டியலுக்கே வராதவர்களையும் சொல்லாமல் இருக்க முடியாது. சிவப்பு ஐ.சி. (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி அட்டை) வைத்திருக்கிற தாத்தா பாட்டிகள், பிறப்புப் பத்திரச் சிக்கலில் குடியுரிமை கிடைக்காமல் நிற்பவர்கள், இப்போது தோட்டத்து வேலையைச் செய்கிற இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள், இவர்கள் எவரும் எஸ்.டி.ஆரில் இல்லை, அதனால் பெக்கா பி40-லும் இல்லை. ஒரு பட்டியலிலிருந்து இன்னொரு பட்டியல் பிறக்கும்போது முதல் பட்டியலில் விடுபட்டவர் எல்லாவற்றிலும் விடுபட்டுப் போகிறார். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் குடியுரிமை விண்ணப்ப வேலையைத் தள்ளிப்போடாமல் தொடங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. தகுதி பார்ப்பதற்கும் பரிசோதனைக்கும் ஒரு காசும் கிடையாது. வாட்சாப்பில் வரும் இணைப்பைத் தட்டி வங்கி விவரமோ, வங்கி அனுப்பும் டி.ஏ.சி. ரகசிய எண்ணோ கொடுக்காதீர்கள்.

அந்த அக்கா முதல் தடவையும் போனார், இரண்டாவது தடவையும் போனார். எச்.பி.ஏ1சி 8.1 வந்திருக்கிறது. இப்போது அரசாங்க கிளினிக்கில் மருந்து எடுக்கிறார், பச்சைப் புத்தகத்தைப் பால் பவுடர் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சாமி மேடைக்குக் கீழே வைத்திருக்கிறார். எஸ்.டி.ஆரில் அவருடைய சொந்த எண்ணையே போட்டுக் கொடுத்தோம், விலாசம் மாற்ற அடுத்த வாரம் பதிவிலாகாவுக்குக் கூட்டிப் போகிறோம். யாருக்காவது சந்தேகம் இருந்தால் ஞாயிறு காலை பூஜை முடிந்ததும் மண்டபத்துக்கு வாருங்கள். ஐ.சி., கைப்பேசி, வீட்டில் இருக்கிற எல்லா மருந்துப் பையும் கொண்டு வாருங்கள்.