ஹை டைட் லைன்: உயர் ஓதக்கோடு

மதுரையில் கடல் இல்லை. ஆனாலும் ராமநாதபுரம், தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரைகளின் வழக்குகள் வந்து சேர்வது 2004 ஜூலையில் இங்கே திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கிளைக்குத்தான். மண்டபம், உச்சிப்புளி பக்கம் கடலோரத் தோப்பு ஒன்றை வாங்கி, நாலு அறை கட்டி, முன்னால் ஒரு படகும் விடலாம் என்று கணக்குப் போடுகிற மதுரைக்காரர்களும் உண்டு. வக்கீலும் சரி, இடம் வாங்குகிறவரும் சரி, கடைசியில் முட்டி நிற்பது, கடலிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டலாம் என்பதை அளக்கத் தொடங்குகிற ‘ஹை டைட் லைன்’ என்ற சொல்லில்.

செய்திகளில் இதை ‘உயர் அலைக் கோடு’ என்று எழுதிவிடுகிறார்கள். தப்பு. அலையைப் பெரும்பாலும் கிளப்புவது காற்று. அது வந்து மோதித் திரும்பிவிடும். டைட் என்பது நிலாவும் சூரியனும் இழுப்பதால் கடல் மட்டமே மெல்ல ஏறி, மெல்ல வற்றுவது. காற்றே இல்லாமல் கடல் கண்ணாடி போலக் கிடக்கிற நாளிலும் அது நடக்கும்.

டைட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதலில் தண்ணீரோடு சம்பந்தமே கிடையாது. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பொழுது, காலம் என்றுதான் பொருள். ஜெர்மன் மொழியில் காலத்தைக் குறிக்கும் ட்ஸைட் அதற்கு உறவு. கடல் ஏறுகிற பொழுது, இறங்குகிற பொழுது என்று சொல்லிச் சொல்லி, பின்னால் ஏறுவதற்கும் இறங்குவதற்குமே அது பெயராகிவிட்டது.

தமிழில் இதற்குப் புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. ஓதம் இருக்கிறது. நற்றிணையில் ஒரு நெய்தல் பாட்டில் கழியின் (கடலோர உப்பங்கழியின்) ஓதம் வீட்டையும் தாண்டிப் பெருகுகிறது. பள்ளிப் புவியியல் பாடத்திலும் ஓதங்கள் என்றே படிக்கிறோம். மதுரைப் பக்கம் இந்தச் சொல் வீட்டுச் சுவரில் இருக்கிறது: ‘சுவர்ல ஓதம் ஏறியிருக்கு’ என்று கொத்தனார் சொன்னால் யாருக்கும் அகராதி வேண்டாம். கீழேயிருந்து ஈரம் சத்தமில்லாமல் மேலே ஏறுவதைச் சொல்கிறார். கடலோரத்தில் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். (விரைவீக்கத்துக்கும் ஓதம் என்ற பெயர் உண்டு. வீங்குவது, பெருகுவது என்ற பொருள் அங்கேயும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.)

சரி, கோடு எங்கே? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் வழக்கத்தைவிட அதிகமாக ஏறும். அப்போது தண்ணீர் நிலத்தில் மிக உயரமாக எட்டுகிற எல்லைதான் உயர் ஓதக்கோடு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் உவா என்று பழைய தமிழில் பொதுப்பெயர் இருப்பதால், ‘ஸ்பிரிங் டைட்’ என்பதை உவா ஓதம் என்று சொல்லலாம். மன்னார் வளைகுடாவில் ஓதம் உயரத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள்தான் ஏறி இறங்கும். கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் கரை தட்டையாக இருக்கிற இடத்தில், உயரத்தில் ஒரு சாண் ஏறினால் மணலில் பல அடி உள்ளே வந்துவிடும். சாயங்காலம் போய் அலை தொட்ட இடத்தில் குச்சி நட்டு, ‘இதுதான் எல்லை’ என்று தரகர் காட்டுவதை நம்ப முடியாததற்குக் காரணம் இதுவே. கிரயப் பத்திரத்தில் செக்குபந்தி, அதாவது நாலு பக்க எல்லை, எழுதும்போது ‘கிழக்கே கடல்’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எந்தப் பொழுதின் கடல்?

1991-இல் முதல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்ததிலிருந்து, எவ்வளவு தூரத்துக்குக் கட்டக் கூடாது என்ற அளவெல்லாம் இந்தக் கோட்டிலிருந்துதான். 2019 அறிவிக்கையின்படி ஊரகப் பகுதியில், சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கிற நெருக்கமான இடமாக இருந்தால் 50 மீட்டர், மற்ற இடங்களில் 200 மீட்டர் வரை கட்டடத் தடை. பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். தென்னை வைக்கலாம், விடுதி எழுப்ப முடியாது. இடம் வாங்கியவருக்கு இது வலிக்கத்தான் செய்யும். ஆனால் வாங்கும்போது விலை மலிவாக இருந்ததற்கும் பல நேரம் இதுவே காரணம்.

அந்தக் கோட்டினை ஆமைகளும் பார்க்கின்றன. பங்குனி ஆமை கரையேறி, ஓதம் எட்டாத மேட்டு மணலில் குழி தோண்டி முட்டையிடும். நனைந்தால் முட்டை கெட்டுவிடும். அங்கே கடலைப் பார்த்தபடி ஒரு காம்பவுண்டு சுவரை எழுப்பினால் ஆமைக்கு மிஞ்சுவது கீழே இருக்கிற ஈர மணல்தான். விடுதி விளக்கு எரிந்தால் குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பார்த்து நடக்கும்.

கோட்டுக்குக் கீழே, ஓதம் மூடித் திறக்கிற நிலத்தை ஓதவெளி எனலாம். இது கரையோரப் பட்டாவோடு சேர்ந்து வருவதில்லை. முன்னால் என் தோப்பு, ஆகவே படகுத்துறையும் நானே போட்டுக்கொள்வேன் என்பது செல்லாது, அனுமதி வேண்டும். அதையும் தாண்டி ஆழமில்லாத நீரில் கடற்புல் படுகைகள். ஆவுளியா என்கிற கடல்பசு மேய்வது அங்கேதான். மூச்சுவிட அது அடிக்கடி மேலே வந்தாக வேண்டும். வேகப்படகைக் கண்டு சட்டென விலகத் தெரியாத மந்தமான பிராணி. தண்ணீர் வற்றியிருக்கிற நேரத்தில் படகு போனால் அதன் அடியில் சுழலும் காற்றாடி புல்லையும் வேரோடு பிய்த்துவிடும். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரமாக 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது இந்தப் புல்லுக்காகவும்தான். உல்லாசப் படகே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எந்த வழியில், எந்த ஓதத்தில், எவ்வளவு வேகத்தில் என்று எழுதிவைத்து விடட்டும்.

எழுதுகிறவர்களுக்கு: ஹை டைட் லைன் என்றால் உயர் ஓதக்கோடு, லோ டைட் லைன் என்றால் தாழ் ஓதக்கோடு. ஓதம், கோடு இரண்டையும் ‘ஓதக்கோடு’ என்று சேர்த்தே எழுதலாம், நடுவில் இடைவெளி வேண்டாம். ‘அலை’ என்ற சொல்லை அலைக்கே விட்டுவிடலாம்.